பழைய லெவல் கருவி பிழை காட்டுதா, எப்படிப் பார்ப்பது?

வயல்காரன்: இரணைமடு வாய்க்கால் பக்கம் வயல் மட்டம் பார்க்க, பாவித்த ஓட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவி) ஒன்று வாங்கினேன். குமிழி நடுவில்தான் நிற்கிறது, ஆனால் தண்ணீர் நான் சொன்ன பக்கம் போகவில்லை, அப்பா சிரிக்கிறார். உள்ளே தெரியும் குறுக்குக்கோடு விலகியிருக்குமா?

வரம்படி: குமிழியை மட்டும் நம்பாதீர்கள் தம்பி. 60 மீற்றர் இடைவெளியில் இரண்டு முளை அடித்து, சரி நடுவில் கருவியை வைத்து, ஒவ்வொரு முளையிலும் அளவுகோலை நிறுத்தி வாசியுங்கள். பார்வைக்கோடு சாய்ந்திருந்தாலும் தூரம் சமம் என்பதால் பிழை கழிந்துபோகும். பிறகு ஒரு முளைக்கு 2 மீற்றர் கிட்ட வைத்து மறுபடி வாசியுங்கள். இரண்டு முளை வாசிப்புகளின் வித்தியாசம் முன்னதிலிருந்து மாறினால் கருவிதான் கள்ளன்.

வயல்காரன்: பார்த்தேன் அண்ணை. நடுவில் வைத்தபோது முதல் முளை 1.425 மீற்றர், மற்றது 1.310. முதல் முளைக்குக் கிட்ட வைத்தபோது 1.502, 1.396.

பழைய மேசன்: 115 மி.மீ. வரவேண்டியது 106 வந்திருக்கிறது, 9 மி.மீ. பிழை. வயலுக்கு அது பெரிசுதான். கண்வில்லைப் பக்கம் மூடிக்குள் ஒரு சின்னத் திருகாணி இருக்கும், தூர முளையில் 1.387 (1.502 − 0.115) விழும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிவிட்டு, முழுவதையும் இன்னொரு தடவை செய்து பாருங்கள். விடியவே செய்யுங்கள், மத்தியான வெயிலில் அளவுகோலின் கோடுகள் தண்ணீர் மாதிரி ஆடும்.