தானியத் தட்டுக்கு வரும் இந்தப் பழுப்புக் குருவிகள் எவை?

கேள்வி:
தோட்டத்தில் வைத்திருக்கும் தானியத் தட்டுக்கு இதுவரை சிட்டுக்குருவிகள் மட்டுமே வந்துகொண்டிருந்தன. பத்து நாள்களாக, சிட்டைவிடச் சிறிய குருவிகள் ஏழெட்டு அவற்றோடு சேர்ந்து வருகின்றன. உடல் முழுவதும் கோடோ புள்ளியோ இல்லாத வெளிர்பழுப்பு. அலகு மட்டும் கருமையாகவும் தடித்தும் இருக்கிறது. பெண் சிட்டுகள் என்றே முதலில் எண்ணினேன். எத்தனை படங்களைப் பார்த்தும், இப்படி ஓர் அடையாளமும் இல்லாத குருவியைக் காணவில்லை.

மறுமொழி 1:
பெண் சிட்டாக இருக்க முடியாது. அதற்குக் கண்ணின் பின்னால் வெளிர்நிறப் பட்டை ஒன்று ஓடும்; முதுகில் கருங்கோடுகள் இருக்கும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் தூக்கணாங்குருவி தன் மஞ்சளை இழந்து பெண் சிட்டைப் போலத் தோன்றிப் பலரையும் குழப்புவது உண்டு என்றாலும், அதன் முதுகும் கோடு போட்டதுதான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இவை சில்லைகள். தினைக்குருவி என்றும் சொல்வார்கள். வெண்தொண்டைச் சில்லையாயின் அலகு வெள்ளிச் சாம்பலாகவும், வால் கறுத்துக் கூராகவும் இருக்கும். எழுந்து பறக்கும்போது வாலுக்கு மேலே வெண்மை தெரியும். அதைக் கவனித்தீர்களா?

கேட்டவர்:
இல்லை, வாலும் பழுப்புதான். ஆனால் நேற்று உடன் வந்த இரண்டு குருவிகளுக்குத் தலை செம்பழுப்பாகவும், மார்பு மீன்செதில் அடுக்கியதுபோலவும் இருந்தன. அவை வேறு இனம் என்று விட்டுவிட்டேன்.

மறுமொழி 2:
உங்கள் கேள்விக்கு விடை அந்த இரண்டு குருவிகளே. அவை முதிர்ந்த புள்ளிச் சில்லைகள். மற்றவை பெரும்பாலும் அவற்றின் இளம்பறவைகள். இளம்பருவத்தில் செதில் கோலம் இராது. இறகு மாறும்போது மார்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அது முளைக்கும். படங்களில் பெரும்பாலும் முதிர்ந்த பறவையையே காட்டுவதால், நானும் தொடக்கத்தில் இளம்பறவைகளைப் புது இனமென்று குறித்துவைத்து, பிறகு திருத்த வேண்டியிருந்தது.

அளவைத் தனியாக மதிப்பிட வேண்டாம். இறகைச் சிலிர்த்து உட்கார்ந்த குருவி பருத்துத் தெரியும். சிட்டு ஏறத்தாழ 15 செ.மீ., சில்லை 11 முதல் 12 செ.மீ. என்பதால், இரண்டும் ஒரே தட்டில் நிற்கும்போது ஒப்பிடுவதே நம்பகமானது. ஓர் எச்சரிக்கை: கருந்தலைச் சில்லையின் இளம்பறவையும் இதே வெற்றுப் பழுப்புதான். ஆகவே செதில் மார்புக் குருவிகள் இவற்றோடு ஒரே கூட்டமாக வந்து, ஒரே கூட்டமாக எழுந்து போகின்றனவா என்று இன்னும் சில நாள் பாருங்கள். பக்கவாட்டில் அலகு தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து இங்கே பதிந்தால், உறுதியாகச் சொல்ல உதவும்.