நாகசுரக் காதுக்கு ஜாஸில் எது முதல் வாசல்?

குடியாத்தம் ஆல்டோ:
வணக்கம். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து நாகசுரம். நான் ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கிறேன். கல்யாண வரவேற்புகள், வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா என்று பிழைப்பு ஓடுகிறது. ஜாஸைக் கேட்டுப் பழக ஆசை. எல்லோரும் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்தைத்தான் சொல்கிறார்கள். கேட்டேன், மனம் ஒட்டவில்லை. எனக்கு வேறு வழி சொல்லுங்கள்.

காட்பாடி ரசிகன்:
அதை விட்டுவிடாதீர்கள் தம்பி. 1959 மார்ச்சில் ஒரு நாள், ஏப்ரலில் ஒரு நாள், அவ்வளவுதான் பதிவு. முதல் உருப்படி ‘ஸோ வாட்’ நம் கரகரப்பிரியாவின் சுரங்களில் நிற்கிறது. நடுவில் மட்டும் எல்லாம் அரைச்சுரம் மேலேறி இறங்கும். அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி கேளுங்கள்.

ஆற்காடு நாகசுரம்:
சுரக்கணக்கு சரிதான் ஐயா. ஆனால் கரகரப்பிரியா என்றதும் நம் காது கமகத்தை, அதாவது சுரத்தின் அசைவைத் தேடும். மைல்ஸ் சுரத்தை அசைக்காமல் நிறுத்துகிறவர். அது பெரிய அழகு, ஆனாலும் நம்மவர்களுக்கு முதலில் வெறுமையாகப் படும்.

தம்பி, ஜான் கால்ட்ரேனிடம் போங்கள். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் டெனர் சாக்ஸபோன் வாசித்தவர் அவர். அந்த வருடமே அவர் பதிவு செய்த ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ஸில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) மூச்சுவிடாமல் மாறும், அதை இப்போது தொட வேண்டாம். 1960 அக்டோபரில் சோப்ரானோ சாக்ஸபோனில் பதிவு செய்த ‘மை ஃபேவரிட் திங்ஸ்’தான் உங்களுக்கு. நாகசுரம்போல் நேராக நீளும் குழல். மெக்காய் டைனரின் பியானோ ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வர, கால்ட்ரேன் ஏறக்குறைய 14 நிமிடத்துக்கு அதைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறார். அடுத்து, 1961 நவம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் ஜாஸ் கிளப்பில் வாசித்த ‘இந்தியா’. இரண்டு டபுள் பாஸ்கள் (பெரிய தந்திக் கருவிகள்) அடியில், சுருதிக்கு ஒத்து ஊதுவதுபோல் நிற்கும். எரிக் டால்ஃபி பாஸ் கிளாரினெட். கால்ட்ரேன் மேலே ஏறும்போது, நாகசுரத்தின் ஊதுவாயான சீவாளியை இறுக்கி மேல்ஸ்தாயி பிடிக்கும் நம் பெரியவர்கள் என் கண்முன் வந்துவிடுவார்கள்.

சார்லி மரியானோவையும் மறக்காதீர்கள். பாஸ்டன்காரர், உங்களைப்போல் ஆல்டோ. பாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸின் 1963ஆம் வருடத்துப் பதிவில் அவர் ஆல்டோ அழுவதைக் கேட்டால் தொண்டை அடைக்கும். பிற்பாடு அவர் நாகசுரமே கற்றுக்கொண்டார். நம் பிள்ளைகள் நாகசுரத்தை வைத்துவிட்டு சாக்ஸபோனுக்குப் போகிற காலத்தில், அங்கே பேர் வாங்கிய ஒருவர் நம் குழலைத் தேடி வந்திருக்கிறார்! பெங்களூரு ஆர்.ஏ. ரமாமணியின் குரலோடு அவர் செய்த ‘ஜோதி’, 1983, கிடைத்தால் விடாதீர்கள்.

குடியாத்தம் ஆல்டோ:
‘இந்தியா’ கேட்டேன் ஐயா. ஒத்து என்று நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. ஆனால் சோப்ரானோ என்னிடம் இல்லை. ஆல்டோவிலேயே கூட வாசித்துப் பார்க்க ஏதாவது உண்டா?

ஆற்காடு நாகசுரம்:
அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவின் ‘கின்ஸ்மென்’, 2008. அவரும், சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத்தும், இருவருமே ஆல்டோ. கத்ரியின் தந்தையும் நாகசுர வித்வான். அவர் கமகம் உங்கள் விரலுக்கு அந்நியமாக இருக்காது. முதலில் அவர் வாசிப்பதை மட்டும் பின்தொடருங்கள். பிறகு ருத்ரேஷ் எங்கே நாக்கால் வெட்டுகிறார், எங்கே சேர்த்து ஊதுகிறார் என்று பாருங்கள், நாகசுரத்தில் நாக்கால் வெட்டி ஊதும் நம் துத்துகாரம் பழகியவருக்கு அது சீக்கிரம் பிடிபடும். ஆடியில் முகூர்த்தம் இருக்காதே, கருவியோடு ஆற்காட்டுக்கு வாருங்கள். சேர்ந்தே வாசித்துப் பார்க்கலாம்.