புதுப்பிப்பு: குன்னூரில் லேப்டாப்போடு உட்கார இடம்

குன்னூரில் பெட்ஃபோர்டு பக்கம் கோவொர்க்கிங் இடம் (பலர் பகிர்ந்து உட்கார்ந்து வேலை பார்க்கும் வாடகை இடம்) ஏதாவது இருக்கிறதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டது. பெயர்ப்பலகை எல்லாம் கிடையாது. ஒரு கடைக்கு மேல் மாடியில் நாலு மேசை, மாத வாடகை.

வாடகையைவிட முதலில் விசாரித்தது இன்வெர்ட்டரைத்தான். மழைக்காலத்தில் மரம் சாய்ந்தால் கரண்ட் போகும். இந்தத் தெருவில் ஃபைபர் ஒயரும் அதே கம்பங்களில்தான் தொங்குகிறது, அதனால் இரண்டும் ஜோடியாகவே போகும். மோடத்துக்கும் பேக்கப் உண்டா, அந்த ஜன்னலோரம் எந்த சிம் எடுக்கிறது என்று பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுத்தேன். ஹீட்டர் மட்டும் இல்லை. சாக்ஸ் போட்டுச் சமாளிக்கிறேன்.

கஃபே போதுமே என்று சிலர் சொன்னீர்கள். ஏப்ரல், மே சீசன் கூட்டத்தில் அங்கே உட்கார்ந்து ஒரு மீட்டிங் பேசிப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்!

கோவையிலிருந்து வாரம் ஒருநாள் வந்து போகலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. ஆனால் சொந்தக் காரில் என்றால் இ-பாஸ் (நீலகிரிக்குள் வர ஆன்லைனில் வாங்கும் அனுமதி) எடுக்க வேண்டும். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வந்த ஏற்பாடு அது. நீலகிரியில் பதிவான டிஎன் 43 வண்டிகளுக்கு விலக்கு உண்டு. அரசு பஸ்ஸில் ஏறினால் அந்தத் தலைவலி இல்லை.