மாலூர் பக்கம் தைல மரக்காடு சுத்தம் பண்ண எந்த செயின்சா வாங்கலாம்?

ராமமூர்த்திநகர்_பாலு:
வணக்கம். மாலூர் தாண்டி அப்பா வாங்கின ரெண்டு ஏக்கர் நிலம் இருக்கு. முன்னாடி வச்சிருந்தவங்க தைல மரம் போட்டு, வெட்டி வித்துட்டாங்க. இப்ப ஒவ்வொரு அடிக்கட்டையிலயும் நாலஞ்சு துளிர் கிளம்பி, சிலது தொடை கனத்துக்கு வளர்ந்து நிக்குது. நடுவுல பூரா உண்ணிச்செடிப் புதர். எல்லாத்தையும் எடுத்துட்டு மாவும் பலாவும் வைக்கணும்னு அப்பாவுக்கு ரொம்ப ஆசை.

ஆன்லைன்ல 58 சிசி இன்ஜின், 22 இஞ்ச் பார் (செயின் சுத்துற நீளத் தகடு) போட்ட மெஷின் ஆறேழு ஆயிரத்துக்கே காட்டுது. பெங்களூரு எஸ்ஜேபி ரோடு கடைகள்ல விசாரிச்சா ஸ்டில் கம்பெனியோட எம்எஸ் 250 எடுங்கன்றாங்க. அது 45 சிசிதான், ஆனா விலை பல மடங்கு. சனி, ஞாயிறு மட்டும் நானும் அப்பாவும் போய் வேலை பார்ப்போம். எதை நம்பி எடுக்கலாம்?

ஓசூர்_தோட்டம்:
இந்த ஒரு தடவை மட்டும்தான் வேலைன்னா மெஷினோட ஆளை வாடகைக்குக் கூப்பிட்டுடுங்க. ஆனா தைல மரம் வெட்ட வெட்டத் துளிர்க்கும். அதனால சொந்தமா ஒண்ணு இருக்கிறது நல்லதுதான்.

லிங்கராஜபுரம்_மெக்கானிக்:
தம்பி, நான் சின்ன இன்ஜின் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். பிரஷ் கட்டர், ஸ்பிரேயர், செயின்சா இதுதான் தினசரி வேலை. அதுக்கு முன்னாடி குடகுல ஒரு எஸ்டேட்ல, சில்வர் ஓக் கவாத்துக்கு ஓடுற மெஷின்களைப் பார்த்துக்கிட்டிருந்தேன். கொஞ்சம் நீளமாத்தான் எழுதப் போறேன், பொறுமையா படிங்க. அப்பாவும் கூட நிப்பார்னு சொல்றீங்களே, அதனாலதான்.

சிசியைப் பார்த்து மெஷின் எடுக்காதீங்க. உங்க மரம் என்ன கனம், ஸ்பேர் எங்க கிடைக்கும், இந்த ரெண்டைப் பாருங்க. தொடை கனத் துளிருக்கு 16 இஞ்ச் பாரும் 40-45 சிசி இன்ஜினும் தாராளம். எம்எஸ் 250, பாரும் செயினும் இல்லாம நாலரை கிலோ சொச்சம். ஹஸ்க்வர்னா 445 அதே ரகம், அதுவும் நல்ல மெஷின். ரெண்டுல எதுக்கு உங்க வீட்டுப் பக்கத்துல டீலர் இருக்காரோ அதை எடுங்க. எம்எஸ் 180 சின்னது, 32 சிசி கூட வராது. கிளை கழிக்க நல்லா இருக்கும், ஆனா ரெண்டு ஏக்கர் தைல மரத்துக்கு அதைப் போட்டு வதைக்க வேண்டாம். 70 சிசி மெஷினெல்லாம் பெரிய மரம் சாய்க்கிறவங்களுக்கு. சாயங்காலம் வரைக்கும் தூக்கிப் பிடிச்சா உங்க கை தளர்ந்துடும், விபத்தும் அப்பதான் நடக்கும்.

அந்தப் பேர் தெரியாத 58 சிசி மெஷின் என் கடைக்கு நிறைய வருது. ஸ்டிக்கர்ல 58னு இருக்கும், பிரிச்சு அளந்தா சிலதுல அவ்வளவு வராது. அதைக்கூட விட்டுடலாம். ஆயில் பம்ப் போச்சுன்னா அதே பம்ப் திரும்பக் கிடைக்காது. வேற ஒண்ணை அரத்தால ராவி உட்கார வைக்கணும். செயின் பிரேக் (செயினை அந்த நொடியே நிறுத்துறது) பிடிக்காத மெஷினையும் பார்த்திருக்கேன். அதை ரிப்பேர் பண்ணி ஒருத்தர் கையில கொடுக்க எனக்கு மனசு வரல, திருப்பி அனுப்பிட்டேன். அதுல 22 இஞ்ச் பார் வேற. பார் முனையோட மேல்பக்கக் கால்வட்டம் எங்கயாவது இடிச்சா மெஷின் அப்படியே முகத்தைப் பார்த்துத் திருப்பி அடிக்கும். முனை எவ்வளவு தள்ளி இருக்கோ, அது எதுல இடிக்குதுன்னு கவனிக்கிறது அவ்வளவு கஷ்டம். நெருக்கமா நாலஞ்சு தண்டு நிக்கிற தைலத் தூருல இது ரொம்ப சுலபமா நடக்கும். ஒண்ணை அறுக்கும்போது முனை பின்னாடி நிக்கிறதுல படும்.

உண்ணிச்செடிக்கு செயின்சா வேண்டவே வேண்டாம். மெல்லிசுக் குச்சியைச் செயின் கவ்வி இழுத்து உங்க மேலயே வீசும். அதுக்கு பிரஷ் கட்டர்ல மூணு முனை பிளேடு போட்டு முதல்ல புதரை எடுங்க. நிக்க இடமும், மரம் சாயும்போது விலகி ஓட வழியும் கிடைச்ச பிறகு செயின்சாவை எடுங்க. அடிக்கட்டையைத் தரையோட தரையா அறுக்கவும் பார்க்காதீங்க. மண்ணுல ஒரு நிமிஷம் பட்டாலே செயின் பல்லு மொத்தமும் மழுங்கிடும். தூரோட பிடுங்கணும்னா ஜேசிபிதான்.

இப்ப பெட்ரோல். நம்ம கிட்ட வர்ற நல்ல மெஷின் பாதி இதனாலதான் வருது. இப்ப பங்க்ல போடுறது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்க்லயே விட்டுட்டு ரெண்டு மாசம் கழிச்சு எடுத்தா, கார்புரேட்டருக்குள்ள இருக்கிற டயாஃப்ரம்ங்கிற மெல்லிசு சவ்வு விறைச்சுப் போயிருக்கும். வேலை முடிஞ்சதும் டேங்கைக் காலி பண்ணி, இன்ஜின் தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க. அன்னிக்குத் தேவையான அளவு மட்டும் கலந்துக்குங்க. கம்பெனி டூ-ஸ்ட்ரோக் ஆயில்னா லிட்டருக்கு 20 மில்லி. பைக்குக்கு ஊத்துற நாலு ஸ்ட்ரோக் ஆயில் கூடவே கூடாது.

செயின் ஆயில் தனி டேங்க். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது இந்த ஆயிலும் ஏறக்குறைய தீர்ந்திருக்கணும். அப்படியே மிச்சம் இருந்தா வழி அடைச்சிருக்குன்னு அர்த்தம், மேல ஓட்டாதீங்க. காசு மிச்சம்னு பழைய இன்ஜின் ஆயிலை ஊத்துவாங்க. அதுல இருக்கிற இரும்புத் தூளும் கசடும் பம்பைத் தின்னுடும்.

கடைசியா அரம். எம்எஸ் 250-ல வழக்கமா வர்ற .325-ங்கிற அளவு செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். ஒரு டேங்க் பெட்ரோல் தீர்ந்தா ஒவ்வொரு பல்லுக்கும் ரெண்டு மூணு இழுப்பு, ஒரே பக்கமா தள்ளணும், முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. சில்லு சில்லா விழுந்தா செயின் கூரா இருக்கு. மாவு மாதிரி தூள் கொட்டினா நிறுத்திடுங்க. மழுங்கின செயினை அழுத்தி அழுத்தி அறுக்கிறவங்கதான் இன்ஜின்ல சக்தி இல்லைன்னு எங்கிட்ட தூக்கிட்டு வர்றாங்க. வேலை முடிஞ்சு சூடா இருக்கும்போதே செயினைக் கொஞ்சம் தளர்த்திடுங்க, ஆறும்போது சுருங்கி இன்ஜின் ஷாஃப்டை இழுக்கும்.

உங்க பட்ஜெட்ல முகவலை வச்ச ஹெல்மெட்டுக்கும் கால் கவசத்துக்கும் முதல்ல பணம் எடுத்து வைங்க. கால் கவசத்துக்குள்ள இருக்கிற நார் செயின்ல சுத்திக்கிட்டு அதை அப்படியே நிறுத்திடும். ஜீன்ஸ் போதும்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. உங்க அப்பா நீங்க அறுக்கிற மரத்தோட உயரத்துக்கு ரெண்டு மடங்கு தள்ளித்தான் நிக்கணும்.

விஜினாபுரா_செல்வி:
அண்ணன் சொன்னதோட ஒரு விஷயம் சேர்த்துக்கறேன். கர்நாடகாவுல மரப் பாதுகாப்புச் சட்டம் 1976-ல வந்தது. தைலம், சவுக்கு, சில்வர் ஓக், தென்னை போன்றதுக்கு வெட்ட அனுமதி தேவையில்லை. ஆனா வரப்போரம் புங்கனோ வேம்போ நின்னா, வனத்துறை அதிகாரிகிட்ட எழுதி வாங்காம கை வைக்காதீங்க. எங்க மாமனார் நிலத்துல தைலத்தை எடுக்கும்போது நாங்க வேம்புக்கெல்லாம் முதல்லயே சுண்ணாம்பு அடிச்சு வச்சுட்டோம். கூலிக்கு வந்தவங்களுக்கும் குழப்பம் வரல.

ராமமூர்த்திநகர்_பாலு:
ரொம்ப நன்றிண்ணா, நன்றிங்க அக்கா. மேற்கு எல்லையில ரெண்டு புங்கன் இருக்கு, விட்டுடறோம். 58 சிசி யோசனையையும் விட்டாச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கோலார்ல ஒருத்தர் பழைய எம்எஸ் 250 பாதி விலைக்குத் தரேன்றார். எடுக்கலாமா?

லிங்கராஜபுரம்_மெக்கானிக்:
பார்த்துட்டு எடுக்கலாம். இன்ஜினை ஆஃப்ல வச்சுட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடிச்சு மெஷினை அப்படியே தொங்க விடுங்க. தடைபட்டுத் தடைபட்டு மெதுவா இறங்கினா கம்ப்ரஷன் இருக்கு. சரசரன்னு கீழ போயிட்டா வேண்டாம். நல்லா இருந்தா சைலன்ஸரைக் கழட்டச் சொல்லி, ஓட்டை வழியா டார்ச் அடிச்சு பிஸ்டனைப் பாருங்க. நெடுக்குவாட்டுல கீறல் இருந்தா ஆயில் சரியா கலக்காம ஓட்டியிருக்கலாம். அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, செயின் ஓடும்போது முன்னாடி இருக்கிற கைக்காப்பை முன்பக்கம் தள்ளுங்க. செயின் அந்த நொடியே நிக்கணும். ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் செயின் சுத்திக்கிட்டே இருந்தா கிளட்ச்லயோ ஐடில் (சும்மா ஓடுற வேகம்) செட்டிங்லயோ கோளாறு, அதுக்குத் தக்க விலை குறைச்சுக் கேளுங்க. சந்தேகம் இருந்தா அவரையும் மெஷினையும் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல கடைக்குக் கூட்டிட்டு வாங்க தம்பி, பார்த்துச் சொல்றேன்.