பண்ருட்டி மாமியாரும் பினாங்கு டுரியானும்

எங்கள் வீட்டில் பலாப்பழ விஷயத்தில் மாமியார் சொல்வதுதான் கடைசி வார்த்தை. பண்ருட்டிப் பக்கம் பிறந்தவர். தட்டிப் பார்த்தே இன்னும் எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்லிவிடுவார். அவரை, பலா மாதிரியே முள் ஓடும் சுளையுமாக இருக்கும் டுரியான் பழக் கடையில் உட்கார வைத்தால் என்ன நடக்கும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆவல்.

நாத்தனார் குடும்பம் மலேசியாவில், பினாங்குத் தீவில் இருக்கிறது. மே கடைசியில் போனோம், சீசன் தொடங்கியிருந்தது. வழியில் சிங்கப்பூரில் இறங்கியபோது ரயிலில் டுரியான் கொண்டுவரக் கூடாது என்ற படத்தைப் பார்த்து மாமனார் அப்போதே முடிவு செய்துவிட்டார். "பழத்துக்கே தடை போட்டிருக்கான்னா சும்மாவா?"

நாத்தனாரின் கணவர் எங்களை பாலிக் பூலாவுக்கு அழைத்துப்போனார். தீவின் மேற்குப் பக்கம், மலைச்சரிவு முழுக்க டுரியான் தோப்பு. மரத்துக்கடியில் வலை கட்டியிருக்கிறார்கள். அங்கே காயைப் பறிப்பதில்லை, தானாகப் பழுத்து விழுந்ததைத்தான் விற்கிறார்கள். பெரும்பாலும் ராத்திரியில்தான் விழுமாம். அதனால் காலையில் போவதே நல்லது.

கடைக்காரர் ஒரு பழத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினார், காம்பை மோந்து பார்த்தார். அத்தை உடனே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். தொழில் தெரிந்த ஆளைக் கண்ட சந்தோஷம்! "கைக்கு எண்ணெய் வேண்டாமா?" என்று கேட்டார். டுரியானில் பால் பிசின் கிடையாது. கடைக்காரர் கையுறை போட்டுக்கொண்டு, அடிப்பக்கம் கத்தியைச் செருகி ஒரு திருகு திருகினார், தையல் பிரிவது மாதிரி ஓடு விரிந்தது. உள்ளே அறை அறையாக, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சுளை. முள்ளோடு சேர்த்துத்தான் எடை போடுகிறார்கள். சதை மூன்றில் ஒரு பங்கு தேறினால் அதிகம், விலை கேட்கும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாடையைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். எனக்கு அது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது. பலாப்பழத்தை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு மறுநாள் திறந்து பாருங்கள், பழகாதவன் ஓடியே போவான். இது அதைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான். முதலில் மூக்கில் ஏறும், கால் மணி நேரத்தில் மூக்கு கண்டுகொள்ளாது.

முதலில் சாதாரண நாட்டுப்பழம், அப்புறம் லேசாகச் சிவந்த ஆங் ஹே என்ற வகை, கடைசியில் மூசாங் கிங் என்ற வகை. இந்த வரிசையில் சாப்பிடச் சொன்னார் நாத்தனாரின் கணவர். இனிப்பிலிருந்து கசப்புக்குப் போக வேண்டுமாம், முதலிலேயே மூசாங் கிங்கைத் தின்றால் மற்றது எடுபடாது. சரியான யோசனை. மூசாங் கிங் சதை நல்ல மஞ்சள், நார் என்பதே இல்லை, நாக்கில் வைத்ததும் கரைந்துவிடுகிறது. இனிப்பு முடியும்போது மெல்லிய கசப்பு வருகிறது. அது பிடித்தவர்களுக்குத்தான் அந்த விலை. என் மகள் ஆங் ஹேயோடு நின்றுவிட்டாள். கணவர் பேச்சே இல்லை, சுளை மேல் சுளை. மாமனார் காரைவிட்டு இறங்கவே இல்லை.

அத்தையின் தீர்ப்பு: "நல்லாத்தான் இருக்கு. ஆனா மெல்ல ஒண்ணுமில்லையே?"

சாப்பிட்டு முடித்ததும் ஓட்டின் குழியில் தண்ணீர் ஊற்றிக் கை கழுவச் சொன்னார்கள், வாடை போகும் என்று அங்கே நம்பிக்கை. சூடு தணியக் கூடவே மங்குஸ்தானும் தின்னச் சொன்னார்கள். சூடு, குளிர்ச்சி என்று பேசியதும் அத்தைக்கு அந்த ஊர் முழுசாகப் பிடித்துப்போனது.

கொட்டைகளை மட்டும் அவர் விடவில்லை, பையில் கட்டிக்கொண்டார். பச்சையாகத் தின்னக் கூடாது, வேகவைக்க வேண்டும் என்றார் கடைக்காரர். நாத்தனார் வீட்டில் உப்புப் போட்டு அவித்து உரித்தால் கொழகொழவென்று வழுக்கியது. பலாக்கொட்டையின் மாவுப் பதம் இல்லைதான். ஆனாலும் கத்தரிக்காயும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்தார். பழத்தைத் தொடாத மாமனார் அந்தக் குழம்பை மட்டும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்.