பியானோ படம், சனிக்கிழமை, மொட்டை மாடி

(அத்தை, சித்தப்பாங்கிறது யாழினி கூப்பிடுற முறை. கவினுக்கு அவங்க அம்மாவும் மாமாவும்.)

கவின்: சனிக்கிழமை மொட்டை மாடில பிள்ளைகளுக்கு லாரல் ஹார்டி, அந்த ஒல்லி குண்டு காமெடி ஜோடி படம் போடலாம்னு இருக்கோம். எதைப் போடலாம்? அரை மணிக்கு மேல ஒண்ணும் உக்காராது.

அத்தை: தி மியூசிக் பாக்ஸ். 1932. மூணு ரீல், 29 நிமிஷம். வேற யோசிக்காத.

சித்தப்பா: பியானோவ படில ஏத்துற படம்தானேக்கா? அதுல ஒரு வேலையக்கூட முறையா செய்ய மாட்டானுங்க.

கவின்: அம்மா, கதை ரெண்டு வரில வேணும். குழு அறிவிப்புல போடணும்.

அத்தை: ரெண்டு பேரு குதிரை வண்டில பியானோ கொண்டு வர்றாங்க. 1127, வால்நட் அவென்யூ. வீடு மேட்டு மேல, கீழ இருந்து நெட்டப் படிக்கட்டு. ஏத்துறாங்க, உருளுது. ஏத்துறாங்க, உருளுது. ரெண்டு வரி ஆச்சா?

யாழினி: அந்தப் படிக்கட்டு செட்டு இல்ல, நிஜம். லாஸ் ஏஞ்சலஸ்ல சில்வர் லேக் பகுதி, வென்டோம் தெருவுல ஆரம்பிக்குது. 133 படி. இப்பவும் இருக்கு, பேர்ப் பலகையோட. வீட்டுக்கு உள்ள நடக்குறது மட்டும் ஹால் ரோச் ஸ்டூடியோ செட்டு.

கவின்: 133தானா மதினி? பாத்தா முந்நூறு படி மாதிரி இருக்கே.

யாழினி: தெருவுல நின்னு அண்ணாந்து பாத்து எடுத்திருக்காங்க, அதான். உச்சில நிக்கிற வீட்டையும் பெட்டியையும் ஒரே ஷாட்ல காட்டிருவாங்க. எவ்வளவு தூரம் மிச்சம்னு யாரும் சொல்லவே வேண்டாம்.

அத்தை: இதே படிக்கட்டுல 1927லயே ஒரு மௌனப் படம் எடுத்தாங்க, ஹேட்ஸ் ஆஃப். அதுல பியானோ இல்ல, வாஷிங் மெஷின். ஒரு பிரதிகூட இன்னைக்கு இல்ல. அதையே பேசும் படமா எடுக்கும்போது பியானோவா மாத்தினதுதான் மூளை.

கவின்: ஏன்? ரெண்டும் கனம்தானே.

அத்தை: பெட்டிய மூடியாச்சு. உள்ள என்ன இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. வாஷிங் மெஷின் உருண்டா தடதடங்கும், அவ்வளவுதான். பியானோ உருண்டா படிக்குப் படி உள்ள கம்பி அத்தனையும் முனகும். ஹார்டி மூஞ்சிய மட்டும் காட்டினாக்கூட பெட்டி எங்க போயிட்டு இருக்குன்னு காது சொல்லிரும்.

யாழினி: அதனால கவின், ஸ்பீக்கர்ல பாஸ் ஏத்திராத. இரைச்சல் குறைக்கிற வசதி இருந்தா அதையும் அணைச்சிரு. சர்ருனு வர்ற பழைய ஒலிய அது நறுக்கும்போது அந்தக் கம்பி ஓசையும் கூடப் போயிரும்.

கவின்: சரி. மாமா, நிஜமா ரெண்டு பேரால அதை ஏத்த முடியுமா?

சித்தப்பா: முடியாது. நிமிந்து நிக்கிற வகைப் பியானோ 200 முதல் 300 கிலோ இருக்கும். அதுக்குள்ள ஒரு வார்ப்பிரும்புச் சட்டம் இருக்கு, பின்பக்கமா. கனத்துல பெரும் பங்கு அங்கதான். ஆளு உயரம், காலு குறுகல், முதுகுல பாரம். லேசா சாஞ்சா நிக்காது. இது தானா வாசிக்கிற பியானோ வேற, உள்ள காத்துப் பை, காகிதச் சுருள்னு இன்னும் கனம் கூடும்.

சித்தப்பா: நாலு பேரு வேணும். மூடியக் கட்டி, கம்பளி சுத்தி, அடில சறுக்குப் பலகை வச்சு பெல்ட்டால இறுக்கணும். மேல இருந்து இழுக்க ஒருத்தன், கீழ தாங்க ரெண்டு பேரு, நாலாவது ஆளு முட்டுக்கட்டை வைக்க. படில சாய்க்கும்போது கனம் பூரா கீழ நிக்கிறவன் மேல இறங்கும், அதனால பலசாலி கீழதான். குரல் ஒருத்தன் மட்டும் கொடுக்கணும். முட்டு வைக்காம எவனும் கை எடுக்கக் கூடாது.

அத்தை: தம்பி, நீ சொன்ன கடைசி வரிதான் இந்தப் படம்.

சித்தப்பா: எப்படிக்கா?

அத்தை: பெட்டி மூணு தடவ உருளுது. கனம் தாங்காம ஒரு தடவகூட விழல. முதல்ல ஒரு ஆயா தள்ளுவண்டியோட இறங்கி வர்றா, அவளுக்கு வழி விடுறாங்க, போச்சு. அடுத்து போலீஸ்காரன் கூப்பிடுறான், இவனுங்க போய் அடி வாங்கிட்டு நிக்கும்போது பெட்டி தனியா இறங்கிருது. மூணாவது, மேலயே வந்து சேந்து அழைப்பு மணி அடிக்கிற நேரத்துல. அந்தத் தடவ ஹார்டியையும் சேத்து இழுத்துட்டுப் போகுது.

யாழினி: மூணும் ஒரே மாதிரி எடுத்திருந்தா மூணாவதுக்கு யாரும் சிரிக்க மாட்டாங்க. ஒரு தடவ பெட்டி, ஒரு தடவ ஆளில்லாம, ஒரு தடவ ஆளோட.

அத்தை: நாலாவது இறக்கம்தான் உச்சம். திரும்ப ஏத்தி முடிச்சாச்சு. தபால்காரர் வர்றாரு, பின்னாடி ரோடு இருக்கே, வண்டிலயே சுத்தி வந்திருக்கலாமேங்கிறாரு. உடனே ரெண்டு பேரும் பெட்டியத் தூக்கிப் படிவழியா கீழ கொண்டு போய், வண்டில ஏத்தி, சுத்தி வர்றாங்க. உருளாம பத்திரமா இறங்குறது அந்த ஒரு தடவதான்.

கவின்: 😂😂 அடப்பாவிகளா

அத்தை: அதுக்கு முன்னாடி பேராசிரியர் வர்றதைக் கவனி. பில்லி கில்பர்ட் நடிச்சது. பேருக்குப் பின்னால ஒரு முழம் பட்டம் வச்சிருப்பாரு. வழிய விடுங்கிறாரு, ஹார்டி சுத்திப் போங்களேன்னு சொல்றான். நானா சுத்திப் போறதான்னு ஆடித் தீத்துருவாரு. சுத்திப் போங்கன்னு ஊருக்குச் சொன்னவனுக்கே, நீ சுத்தி வந்திருக்கலாமேன்னு கொஞ்ச நேரத்துல திருப்பி வருது. அவரு தொப்பி தெருவுல போய் வண்டிச் சக்கரத்துல நசுங்குறது அதுக்கு மேல கொசுறு.

கவின்: சின்னதுகளுக்கு இங்கிலீஷ் வசனம் புரியுமா? தமிழ் வரி ஏத்தணுமா?

யாழினி: பெருசா வேண்டாம். ஒரு இடம்தான் சிக்கல். போலீஸ்காரன்கிட்ட லாரல், நீங்க எல்லை தாண்டுறீங்கன்னு சொல்ல வந்து சொல்லை மாத்திப் போட்டுருவான். இங்கிலீஷ்ல ஓவர்ஸ்டெப்ங்கிற அந்தச் சொல்லுக்குள்ளயே ஸ்டெப்னு படியும் இருக்கு. எல்லைன்னு போட்டா படி போயிரும்.

அத்தை: படி தாண்டிப் பேசுறீங்கன்னு வச்சுக்க. அதை அவன் குழப்பி, "தாண்டிப் படி பேசுறீங்க"ன்னு சொல்றான்.

யாழினி: அத்தை!! அதையே போட்டுருவோம்.

சித்தப்பா: எனக்கு ஒரே ஒரு வயித்தெரிச்சல். மூணு தடவ உருண்ட பியானோ உள்ள போனதும் சுதி பிசகாம வாசிக்குது. கம்பி எல்லாம் சேந்து 15 டன்னுக்கு மேல இழுவை. இரும்புச் சட்டத்துல ஒரு விரிசல் விழுந்தாலே அத்தோட முடிஞ்சுது கதை. சுருள் 11¼ அங்குல அகலம், 88 சுரத்துக்கும் தனித்தனி ஓட்டை, அதுல காத்து ஒழுகாம இருந்தாத்தான் சத்தமே வரும்.

அத்தை: வாசிச்சாத்தானேடா முடிவு வரும். அந்த வீடே பேராசிரியரோடதுதான். அவருக்குப் பியானோன்னாலே ஆகாது, கோடரி எடுத்து வெட்ட ஆரம்பிப்பாரு. நடுவுல அது அமெரிக்க தேசிய கீதத்தை வாசிக்கும். மூணு பேரும் விறைச்சு நின்னு சல்யூட். பாட்டு முடிஞ்சதும் வெட்டு தொடரும். அந்தப் பாட்டைச் சட்டப்படி தேசிய கீதமாக்கினது 1931 மார்ச்சுல, படம் அடுத்த வருஷம். அப்ப பாத்தவங்களுக்கு இன்னும் சுருக்குனு இருந்திருக்கும்.

யாழினி: அதுக்கு முன்னாடி அறையக் கூட்டிட்டே ரெண்டு பேரும் ஆடுற இடத்தையும் விட்றாதீங்க. ஹார்டி அந்த உடம்பை வச்சுட்டு காத்து மாதிரி கால் வைப்பாரு.

கவின்: பரிசு ஏதோ வாங்கின படம்னு கேள்வி?

அத்தை: சிறந்த நகைச்சுவைக் குறும்படத்துக்குன்னு ஆஸ்கர் ஒரு பிரிவு ஆரம்பிச்சப்ப, அதை முதல்ல வாங்கினது இதுதான். இயக்கம் ஜேம்ஸ் பாரட்.

யாழினி: கவின், கலர் அடிச்ச பிரதி ஒண்ணு சுத்துது, அது வேண்டாம். கறுப்பு வெள்ளையே எடு. திரை எவ்வளவு?

கவின்: 8 அடிக்கு 4½ அடி வேட்டி.

யாழினி: அப்ப படம் 6 அடிக்கு 4½ அடிதான் வரும். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு அடி இருட்டா கிடக்கட்டும். நிரப்பணும்னு இழுத்து விட்டா லாரலும் ஹார்டி ஆயிருவான். வெட்டிப் பெருசாக்கினா படிக்கட்டுல கீழயும் மேலயும் போயிரும். புரொஜெக்டர்ல அசைவை வழுவழுன்னு காட்டுற அமைப்பு இருந்தா அதையும் அணை, உருளுற பெட்டி மிதக்குற மாதிரி தெரியும்.

கவின்: ஏழு மணிக்கு ஆரம்பிச்சிரலாமா?

அத்தை: நல்லா இருட்டட்டும், ஏழேகால். கடைசில பேராசிரியர் கையெழுத்துப் போட பேனா வாங்குவாரு, அது வரைக்கும் யாரும் லைட்டப் போட்டுறாதீங்க.

சித்தப்பா: புரொஜெக்டரை மாடிக்கு ஏத்துறப்ப ரெண்டு பேரா வாங்கடா. லிஃப்ட் இருக்கான்னு மொதல்ல பாத்துக்கங்க.