பொதுக் கணக்குக் குழு சொன்னா கவர்மென்ட் கேட்டே ஆகணுமா?

கேள்வி: பார்லிமென்ட் பொதுக் கணக்குக் குழு அந்தத் துறைய கிழிச்சுடுச்சு இந்தத் துறைய கிழிச்சுடுச்சுன்னு நியூஸ்ல வருது, அப்புறம் சத்தமே இல்ல. நிஜமாவே பவர் இருக்கா?

பதில் 1: பரிந்துரைதாங்க, கட்டாயம் கிடையாது. ஆனா சிஏஜி (அரசு செலவ தணிக்கை பண்ற தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) ரிப்போர்ட்ட கையில வச்சுக்கிட்டு துறைச் செயலாளரையே எதிர்ல உக்கார வச்சு பாரா பாராவா கேப்பாங்க, மந்திரிய கூப்பிட மாட்டாங்க, அப்புறம் ரிப்போர்ட் வந்து 6 மாசத்துக்குள்ள என்ன பண்ணீங்கன்னு துறை எழுதிக் குடுக்கணும்.

பதில் 2: மொத்தம் 22 பேர், லோக்சபா 15, ராஜ்யசபா 7. மந்திரிங்க மெம்பராக முடியாது. 1967லேருந்து எதிர்க்கட்சிக்காரர்தான் தலைவர், அதனாலதான் அதிகாரிங்களுக்கு கொஞ்சமாச்சும் பயம்.

பதில் 3: என்ன பயம் ப்ரோ, காசு செலவாகி வருஷக்கணக்கு ஆனப்புறம் போஸ்ட்மார்ட்டம், அதுவும் மூடின ரூம்ல. டிவில காட்டச் சொல்லுங்க பாப்போம்.

கேட்டவர்: அப்போ இப்ப ஓடுற திட்டத்த யாரு பாக்குறது?

பதில் 1: துறைவாரி நிலைக்குழு, அதாவது துறைங்கள பிரிச்சுப் பாக்குற பார்லிமென்ட் குழுங்க, 24 இருக்கு. பட்ஜெட் டைம்ல மானியக் கோரிக்கைய, அதாவது ஒவ்வொரு துறையும் செலவுக்குக் கேக்குற காச, அவங்கதான் அலசுவாங்க.